ரூக்குக்கு யார் சொன்னது?

வெர்னா பாஸ்கோவிடம் எதைச் சொன்னாலும் அது அவளோடு நின்றுவிடும் என்பது ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையிலுள்ள எங்கள் போர்ட் கெல்லிக்கில் எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டுப் பெண் யாரோடு அடிலெய்டுக்குப் போனாள், யாருடைய படகு வங்கிக்காரன் கைக்குப் போகிறது என்பதெல்லாம் அவள் காதுக்கு முதலில் வரும். உதடு அசையாது. ஊரில் அவளுக்கு இருந்த மதிப்பு அதுதான். அவளுக்குத் தன்மேல் இருந்த மதிப்பும் அதுதான்.

அவள் கோதுமைக்காட்டுப் பெண். ஊருக்கு வடக்கே, மழையை நம்பவே முடியாத நிலத்தில், அண்ணன்மார் கூட்டத்துக்குக் கடைசியாகப் பிறந்தவள். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, ஆட்டு ரோமம் கத்தரிக்க வரும் ஆட்களுக்குச் சமைக்கப் போனாள். அந்தக் கொட்டகைகளில் சமைக்கும் பெண், ஒன்று எல்லோரோடும் சண்டை போட வேண்டும், இல்லையென்றால் எதுவும் காதில் விழாத மாதிரி இருக்க வேண்டும். வெர்னா இரண்டாவதைப் பழகிக்கொண்டாள். பிறகு சிங்கி இறால் படகில் வேலைசெய்த லிண்டன் பாஸ்கோவைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தாள். லிண்டன் அவளைவிட அமைதி. "அந்த வீட்டுல கெட்டில் ஒண்ணுதான் சத்தம் போடும்" என்று புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில் கேலி செய்வோம். ஒரே மகன் மேற்கே சுரங்கத்துக்குப் போய்விட்டான். லிண்டன் சொந்தமாக 'லாரல் ஆன்' என்றொரு படகு வாங்கி ஓட்டினான். முதுகு போனதும் விற்றான். அதற்குப் பிறகு படகுத்துறையின் முனையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து கணவாய் பிடிப்பதுதான் அவன் பொழுது. வெர்னா முதியோர் இல்லத்தில் சமையல்காரி ஆனாள்.

அந்த இல்லத்தை அரசாங்கம் கட்டவில்லை. நாங்கள் கட்டினோம். கேக் விற்றோம், இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்தினோம், கால்பந்து ஆட்டத்துக்கு வந்தவர்களிடம் தொப்பி ஏந்தினோம். வாசல் சுவரில் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. என் பெயரும் இருக்கிறது. எங்கள் அப்பா அம்மாவெல்லாம் அங்கேதான் கடைசிக் காலத்தைக் கழித்தார்கள். நிர்வாகக் கமிட்டிக்கு டிராக்டர் கடை ஹெட்லி கூம்ப் தலைவர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

டேமியன் ரூக் எங்கள் வாரப் பத்திரிகையின் ஒரே நிருபர். வெளியூர்ப் பையன். கால்பந்து முடிவு, இறப்புச் செய்தி, கோதுமை விலை என்று எழுதிக்கொண்டிருந்தவன், ஒரு குளிர்காலத்தில் இல்லத்துச் சாப்பாட்டைப் பற்றித் தொடர்ந்து எழுத ஆரம்பித்தான். பாலில் தண்ணீர் ஓடுகிறது என்றான். நேற்றைய சூப் இன்று வேறு பெயரில் வருகிறது என்றான். கிழங்கான் மீன் துள்ளுகிற ஊரில், கடலிலேயே வாழ்ந்து முடித்த கிழவர்களுக்கு எங்கிருந்தோ உறைந்து வந்த பொட்டல மீனைப் போடுகிறார்கள் என்றான். அதில் கிளாரியும் வந்தார். கிளாரி பழைய படகோட்டி, கண் தெரியாது. வெள்ளிக்கிழமை மீன் வந்ததும், "இது எந்தப் படகு பிடிச்சது?" என்று கேட்பாராம். சமையலறையிலிருந்து யாராவது ஒரு படகின் பெயரைச் சொல்லிவைப்பார்களாம். அவர் திருப்தியாகச் சாப்பிடுவாராம்.

அதைப் படித்துவிட்டு நான் பத்திரிகையை மடித்து ஒதுக்கி வைத்தேன். ஊரும் அப்படித்தான் செய்தது. மேலாளரை மாற்றினார்கள். பால் கெட்டியானது. "கவனிக்க வேண்டியதைக் கவனிச்சாச்சு" என்று ஹெட்லி சொன்னார். பையன் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டான், போகட்டும் என்று விட்டோம்.

நவம்பரில் நாட்டின் பெரிய பத்திரிகைப் பரிசு ரூக்குக்கு வந்தது. எழுதியதை மன்னித்த ஊர், பரிசை மன்னிக்கவில்லை.

கிளப்பில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ரூக் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில், தோள் இறங்கித் தொங்க, கண்ணாடிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இதை எனக்குச் சொன்னவர் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் இல்லையென்றால் இது இல்லை" என்றான். கைதட்டல் அங்கேதான். எங்கள் பக்கம் யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

"அவனுங்களுக்குள்ளயே கொடுத்துக்கிறானுங்கப்பா" என்றார் ஹெட்லி. "இந்த வருஷம் நீ, அடுத்த வருஷம் நான்."

"நம்ம கிழடுங்க பசியோட கெடந்துச்சுங்க. அவன் கையில கோப்பை. நல்லாருக்குடா நியாயம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஈஸ்டருக்குள்ள மெல்போர்னுக்கு மூட்டை கட்டிருவான், எழுதி வச்சுக்கோ" என்றார் இன்னொருவர்.

"அதெல்லாம் கெடக்கட்டும்" என்றாள் மேவிஸ். பௌல்ஸில் வெர்னாவின் ஜோடி அவள்; எப்போதும் அவள் பக்கத்தில்தான் உட்காருவாள். "இங்கதான் இருக்காங்கறானே. யாரு அது? சமையக்கட்டுக்குள்ள நடக்கறது வெளிய எப்படிப் போச்சு?"

கேட்டுக்கொண்டே வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா தன் கிளாஸைப் பார்த்தாள்.

மறுநாள் கிளப் வாசல் பலகையில் 'வாழ்த்துகள் டேமியன்' என்று எழுத்துகளைக் கோர்த்து வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் பாதி எழுத்துகளைக் காணோம். நகரமன்றத்தில் பாராட்டுத் தீர்மானத்தை ஒருவர் முன்மொழிந்தார், வழிமொழிய ஆளில்லை. கறிக்கடைக்காரன் ரூக்குக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, "எலும்பையும் சேர்த்துக் கட்டிருக்கேன் தம்பி, நோண்டித் தின்னத்தான் உனக்குப் பிடிக்குமே" என்றானாம். அடிலெய்டிலிருந்து நிருபர்கள் வந்து இல்லத்து வாசல் சுவரைப் படம் பிடித்தார்கள். எங்கள் பெயர்கள் நாடு முழுக்கத் தெரிந்தன. யாருக்கு ஃபோன் வந்தாலும் முதல் கேள்வி அதுதான்: "உங்க ஊராமே?"

அந்த வாரத்திலிருந்து வெர்னாவுக்குப் பேச்சுத் துணை குறைந்தது. அவள் கடைக்குள் நுழைந்தால் வரிசையில் நடந்துகொண்டிருந்த பேச்சு வானிலைக்குத் தாவும். மேவிஸ் வேறு ஜோடி சேர்ந்துகொண்டாள். மணிக்கட்டு வலி என்று காரணம் சொன்னாள், புது ஜோடியோடு ஆடும்போது வலி இல்லை. மருந்துக்கடையில் இன்னொரு விதமாக நடந்தது. முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா அங்கதான் இருந்தாரு. நீங்கதான்னு எனக்குத் தெரியும். நல்லா இருக்கணும் நீங்க" என்று சொல்லி அழுதாள். நானில்லை என்று சொல்ல வெர்னாவுக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. அந்த நன்றி யாருடையதோ, அதைத் தான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்று அன்றைக்கெல்லாம் அவளுக்குக் குறுகுறுப்பு.

தான் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் சொன்னவள் யார்? சமையலறையில் இருந்தது அவளும் ரேலினும். ரேலின் தட்டு எடுத்துப் போகிறவள். கணவன் விட்டுப்போனவள், வாடகை வீட்டில் மகளோடு இருந்தாள். வாய்த்துடுக்கு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வெர்னாவுக்கு ரேலின்தான் தெரிந்தாள். ரேலின் சிரித்தால், எதை வைத்துச் சிரிக்கிறாள்? சிரிக்காவிட்டால், எதை மறைக்கிறாள்? ஒருநாள் ரூக் ரேலினிடம் தெருவில் நின்று பேசியதைப் பார்த்தாள். பத்திரிகைக்காரன் தெருவில் யாரிடம்தான் பேச மாட்டான்? ஆனால் அன்று அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கிளப்பில் மேவிஸ் மறுபடியும் ஆரம்பித்தாள். "நீ சொல்லாட்டி வேற யாருதான் சொல்லிருப்பா, வெர்னா? உள்ள இருக்கறவளுக்குத்தானே தெரியும்."

"தட்டு தூக்கறவளுக்கும் காது இருக்குல்ல" என்றாள் வெர்னா.

அவ்வளவுதான் சொன்னாள். நானும் அந்த மேசையில்தான் இருந்தேன். யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாதவள் சொன்ன ஒரு வரி. அதற்கு மேல் சாட்சி யாருக்கு வேண்டும்? மேவிஸ் உடனே எழுந்து ஹெட்லியின் மேசைக்குப் போனாள்.

ரேலினை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. வேலை நேரத்தை மாற்றினார்கள், பிறகு குறைத்தார்கள். மகளை நெட்பால் அணியில் ஆடவிடாமல் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். புத்தாண்டுக்கு முன்பே ரேலின் தானாகப் போய், நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் கடையில் சேர்ந்துகொண்டாள். போகும் நாளில் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெர்னாவிடம், "நீயும் பாத்து இருந்துக்க" என்று மட்டும் சொன்னாள். வெர்னா அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாள்.

ஊர் மறுபடி வெர்னாவோடு பேசியது. மேவிஸின் மணிக்கட்டு சரியாகிவிட்டது. ரூக் ஈஸ்டருக்கு முன்பே மெல்போர்னுக்குப் போனான். சொன்னபடி நடந்ததில் கிளப்பில் எல்லோருக்கும் ஒரு திருப்தி.

பிப்ரவரி கடைசி, கோடை முடிகிற சமயம். வெர்னா வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், ரேடியோவில் ரூக் குரல் வந்தது. புத்தகம் எழுதப்போகிறானாம். கேள்வி கேட்டவள் அந்தக் கண் தெரியாத கிழவரைப் பற்றிக் கேட்டாள். "அந்தப் படகின் பெயரை நான் கட்டுரையில் எழுதவில்லை" என்றான் ரூக். "இப்போது சொல்லலாம். சமையல்காரம்மா அவர் காதருகே குனிந்து, 'லாரல் ஆன் பிடிச்சது கிளாரி, இன்னிக்குக் காலையில' என்று சொல்வாராம்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கக்கூடத் தோன்றாமல் வெர்னா நின்றாள். மேசைவிரிப்பு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் கை நகர்ந்தது.

கிளாரிக்குக் கண்தான் தெரியாது, காது கூர்மை. பொய் சொல்கிறோமே என்ற கூச்சத்தில், ரேலினை அனுப்பாமல், வெள்ளிக்கிழமை தட்டை வெர்னாவே கொண்டுபோவாள். காதோடு காதாகத்தான் சொல்வாள். பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. கிளாரி செத்த பிறகுதான் ரூக் இந்த ஊருக்கே வேலைக்கு வந்தான். அந்தப் பெயரை அவள் இன்னொரு ஆளிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டு மேசையில், "இன்னிக்கு உன் படகைத்தான் சொன்னேன் அவருகிட்ட" என்று.

செருப்பை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். லிண்டன் முனையில் வாளிமேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அவள் வருகிற நடையைப் பார்த்துவிட்டு அவன் தூண்டிலைச் சுருட்டினான்.

"ரேடியோ கேட்டியா?" என்றாள்.

"இல்ல."

"லாரல் ஆன்னு சொல்றான் ரூக்."

லிண்டன் கடலைப் பார்த்தான். "சொல்ல மாட்டேன்னு சொல்லிருந்தான்."

"அப்ப நீதான்."

"நான்தான்."

"எங்க வச்சுச் சொன்ன?"

"இங்கதான். கணவாய் பிடிக்கத் தெரியல அவனுக்கு, சொல்லிக் கொடுத்தேன். தெனமும் வந்தான். பேச்சு வந்துச்சு."

"உனக்கா? பேச்சா? என்கிட்ட ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேச மாட்ட!"

"வீட்டுல நீ பேசுவ. நான் கேப்பேன்" என்றான் லிண்டன். "தெனமும் வந்து சொன்ன வெர்னா. பாலைச் சொன்ன, சூப்பைச் சொன்ன. சொல்லிட்டு நீ தூங்கிருவ. நான் முழிச்சுக்கிட்டுக் கெடப்பேன். கிளாரிகிட்டதான் நான் முதமுதல்ல படகேறினேன். கயிறு கட்டத் தெரியாத பயலா இருந்தேன். அந்தாளுக்குப் பொட்டல மீனு."

"நான் சமைச்சதுதானே அது. என்னைப் பத்தித்தானே எழுத வச்ச நீ, ஊரெல்லாம் படிக்க?"

"உன் பேரு வராதுன்னான்."

"சரி, பரிசு வந்துச்சே. ஊரே என்னைப் பாத்துச்சே. அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாம்ல?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள நீ ரேலினைச் சொல்லிட்ட. உன்னை விட்டுட்டாங்க." அவன் பக்கத்திலிருந்த இன்னொரு வாளியை எடுத்து, பிடித்த கணவாயைக் கடலிலேயே கொட்டினான். "நானும் பேசாம இருந்துட்டேன்."

வெர்னாவுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்ததாம். அதைவிட மோசமான எண்ணம் வீட்டுக்கு நடக்கும்போதுதான் வந்தது. எத்தனை வருஷமாக அவள் தன் வாயை நம்பி வந்தாள்! அந்த வாய்தான் தினமும் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. எதற்காகச் சொன்னோம்? பாரம் இறக்கவா? இல்லை, இவன் ஏதாவது செய்யட்டும் என்று உள்ளுக்குள் நினைத்துத்தானா? மற்றவர்களைச் சந்தேகப்படுவது இதற்கு எவ்வளவோ மேல் என்று தோன்றியதாம்.

மறுநாள் நெடுஞ்சாலைக் கடைக்குப் போனாள். ரேலின் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "என்ன வேணும்?" என்றாள்.

"நீ இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் வெர்னா.

"எனக்கு மொதல்லயே தெரியும். நீதான்னு நெனச்சேன். சரி, பொம்பள தைரியமாத்தான் செஞ்சிருக்கான்னு நெனச்சேன். அப்புறம் என்னைய மாட்டி விட்டுட்டுப் போய் உக்காந்துக்கிட்ட. அப்பக்கூட நான் யாருகிட்டயும் உன் பேரைச் சொல்லல."

"மன்னிச்சுக்க ரேலின்."

"இங்க வந்து காதுல சொல்லிட்டுப் போறியா? நீ என்னைச் சொன்ன எடத்துல போய்ச் சொல்லு." முட்டையைத் தட்டில் தள்ளி ஜன்னல் வழியே நீட்டினாள். "லாரிக்காரரு நிக்கறாரு. தள்ளிக்க."

வெள்ளிக்கிழமை இறைச்சித் தட்டுக் குலுக்கல். ஹெட்லி எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெர்னா எழுந்து போய் மைக்கை வாங்கினாள். அறிவிப்பு ஏதோ இருக்கிறது என்று நினைத்து அவரும் கொடுத்துவிட்டார்.

"ரூக் எழுதினதெல்லாம் என் வாயிலேருந்து வந்ததுதான்" என்றாள். "ரேலின் ஒரு வார்த்தை சொல்லல. அவளைச் சொன்னவ நான். அது பொய். ரூக் எழுதினது பொய் இல்ல. அந்தச் சூப்பைக் காய்ச்சினவ நான், எனக்குத் தெரியும்."

லிண்டன் கதவருகே இருந்தான். வாயைத் திறக்கப்போனான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஹெட்லி தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். யாருக்கு விழுந்தது என்று எனக்கு நினைவில்லை.

அதோடு சந்தேகம் தீர்ந்ததா என்றால், இல்லை. ரூக் புத்தகத்தில் அவளுக்கும் பங்கு பேசியிருப்பான், அதற்குத்தான் இந்த நாடகம் என்றார்கள் சிலர். ரேலினுக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறாள், பாவம் என்றார்கள் வேறு சிலர். மேவிஸ் மட்டும், "எனக்கு மொதல் நாளே தெரியும்" என்றாள். லிண்டனை ஒருவரும் நினைக்கவில்லை. பேசாதவன் எப்படிச் சொல்வான்?

வெர்னாவை வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அதையும் யாராவது எழுதுவார்கள் என்ற பயம். ஹெட்லி ஒருநாள் சமையலறைக்கு வந்து, எதையோ சொல்லப்போகிறவர்போல நின்று, அவள் கொடுத்த ஸ்கோன் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனார். வீட்டில் வெகுநாள் அவள் லிண்டனிடம் வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருநாள் மறந்துபோய், "இன்னிக்கு அந்தப் புதுக் கிழவி பண்ணினது தெரியுமா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாளாம்.

"சொல்லேன்" என்றான் லிண்டன்.

"இது எங்க போகும்?"

"எங்கயும் போகாது. ரூக் மெல்போர்ன்ல இருக்கான்."

"ஃபோன் இருக்கே."

"அவன் நம்பரை அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டேன்னு நீ சொல்ற" என்றாளாம். ஆனாலும் சொன்னாளாம்.

ரூக்கின் புத்தகம் அடுத்த வருஷம் வந்தது. அதற்கும் ஏதோ பரிசு. நூலகத்தில் ஒரு பிரதி வாங்கினார்கள். எப்போது கேட்டாலும் வெளியே போயிருக்கிறது என்பார்கள். படித்ததாக ஊரில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

லிண்டன் போன ஜூலையில் இறந்தான். அதற்குப் பிறகுதான் வெர்னா பக்கத்து வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு இதையெல்லாம் சொன்னாள். "இனிமே தெரிஞ்சா என்ன? ஏதோ ஒண்ணை அந்த மனுஷன் செஞ்சாரு, அதை யாராவது தெரிஞ்சுக்கட்டும்" என்றாள்.

அடக்கத்தன்று தேவாலயக் கூடத்தில் ரேலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளை யார் கூப்பிட்டார்கள், எதற்கு வந்திருக்கிறாள் என்று மேவிஸ் என் காதில் கேட்டாள். ரேலின் தன் கடையிலிருந்து இரண்டு பெரிய தட்டு நிறைய சாண்ட்விச் கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். வெர்னாவிடம் வந்தபோது தட்டை நீட்டினாள். வெர்னா ஒன்று எடுத்துக்கொண்டாள். கூட்டம் கலைந்ததும் மிச்சத்தைத் துணியில் சுற்றி வெர்னாவின் காரின் பின் இருக்கையில் வைத்துவிட்டு, ரேலின் மதிய வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.